மலையகத்துப் பாறைக்கடியில் எண்ணெய் இருக்குமா?

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவர்கள் லயத்துக்குக் கீழே பீலித் தண்ணீர் வழிந்தோடும் வடிகானில், மழை விட்ட நாட்களில் வானவில் நிறத்தில் ஒரு படலம் மிதக்கிறதாம். அவருடைய மாமா அதைப் பார்த்துவிட்டு, "மலைக்கடியில எண்ணெய் இருக்குடா, தோண்டத்தான் ஆளில்ல" என்கிறாராம். பெற்றோலியம் பாறையிலிருந்து எடுக்கப்படுகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்ததும் தம்பிக்கு ஞாபகம் இருக்கிறது. "நம்ம மலை முழுக்கப் பாறைதானே, அப்போ ஏன் இருக்கக் கூடாது? பாறை எப்படி உண்டாகுது, அதுக்கும் எண்ணெய்க்கும் என்ன தொடர்பு?" இதுதான் கேள்வி.

2022இல் பெற்றோல் வரிசையில் இரண்டு நாள், மூன்று நாள் நின்றவர்கள் இப்படிக் கேட்பதில் ஆச்சரியம் இல்லை. எனக்கும் அந்த வரிசையில் நின்றபோது வீட்டுக்குப் பின்னால் தோண்டிப் பார்க்கலாமா என்று தோன்றியது. அதுவும் நான் பேராதனையில் புவிச்சரிதவியல் படித்து, அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் கல்லோடும் துளையிடும் இயந்திரத்தோடும் பிழைப்பு நடத்தியவன்.

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன்: இல்லை. மலையகத்துப் பாறையில் எண்ணெய் கிடையாது, எரிவாயுவும் கிடையாது. ஆனால் காரணம் கொஞ்சம் சுவாரசியமானது. எண்ணெய்க்கு வேண்டிய சாமான் ஒரு காலத்தில் இங்கேயும் இருந்திருக்கிறது. சமையலில்தான் கெட்டுப்போனது. அடுப்பு அளவுக்கு மீறி எரிந்து, பானை அடிப்பிடித்துக் கருகிவிட்டது. அந்தக் கருகல் இன்றும் நம் பாறைக்குள் இருக்கிறது. அதை நீங்கள் கையில் பிடித்து எழுதியும் இருப்பீர்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

பாறைகள் மூன்று வகை என்று எட்டாம் வகுப்பிலேயே மனப்பாடம் செய்திருப்பீர்கள்: தீப்பாறை, அடையற்பாறை, உருமாறிய பாறை. பரீட்சைக்கு அது போதும். ஆனால் அவை மூன்று தனித்தனிச் சாதிகள் அல்ல. ஒரே பொருள் மூன்று விதமாக வாழ்கிறது, அவ்வளவுதான்.

பூமிக்குள் உருகிக் கிடக்கும் குழம்பு ஆறி இறுகினால் தீப்பாறை. ஆழத்தில் மெல்ல ஆறினால் மணிமணியாகப் பெரிய பளிங்குகள் வளர்ந்து கருங்கல் ஆகிறது. எரிமலை வழியாக வெளியே வந்து சட்டென்று ஆறினால் கண்ணுக்குத் தெரியாத நுண்மணிகளோடு கறுப்பாக இறுகுகிறது. எண்ணெய்க் கதைக்குத் தீப்பாறை பெரிதாக வேண்டியதில்லை. உருகிய குழம்பில் எந்த உயிரும் வாழாது, எந்த உயிரின் மிச்சமும் தாங்காது. அதனால் அங்கேயே நிற்காமல் போகலாம்.

எந்தப் பாறையும் வெயிலிலும் மழையிலும் கிடந்தால் இற்றுப்போகும். நம் தேயிலை மலையின் சிவப்பு மண் வேறென்ன? உள்ளே இருந்த கல்தான் இலட்சக்கணக்கான ஆண்டு மழையில் ஊறி மண்ணாகிவிட்டது. ஒரு நல்ல மழை பெய்ததும் மகாவலியைப் பாருங்கள், பால்தேநீர் நிறத்தில் ஓடும். அந்த நிறம் முழுக்க நம் மலை. 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடலில் சேரும்வரை அந்த மண்ணைச் சுமந்துகொண்டுதான் போகிறது. கடலில் வேகம் குறைந்ததும் மணல் முதலில் படிகிறது, களி இன்னும் தூரம் போய்ப் படிகிறது. வருடா வருடம் படிந்து, மேலே மேலே பாரம் ஏறி, நீர் பிழிந்து வெளியேறி, மணல்மணிகளுக்கு நடுவே சுண்ணமோ சிலிக்காவோ சீமெந்து மாதிரி ஒட்டிக்கொண்டு இறுகினால் அடையற்பாறை. மணல் இறுகினால் மணற்கல். களி இறுகினால் ஏடு ஏடாகப் பிரியும் களிப்பாறை; எண்ணெய்க்காரர்கள் ஷேல் என்பார்கள். சிப்பியும் பவளமும் குவிந்து இறுகினால் சுண்ணாம்புக்கல். யாழ்ப்பாணத்தில் எங்கே கிணறு வெட்டினாலும் தட்டுப்படுகிறதே, அது.

எண்ணெயின் கதை அந்தக் களியில்தான் ஆரம்பிக்கிறது. டைனோசர் செத்து எண்ணெயானது என்று பலர் நம்புகிறார்கள். பெற்றோல் நிலைய விளம்பரத்தில் பார்த்ததோ என்னவோ. உண்மையில் அது கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிர்களின் வேலை: கடலில் மிதக்கும் நுண்பாசிகள், அவற்றைத் தின்னும் நுண்ணுயிர்கள். இவை கோடிக்கணக்கில் செத்துக் கீழே விழுகின்றன. பெரும்பாலும் வழியிலேயே மக்கிப்போகும். ஆனால் அடியில் ஒட்சிசன் இல்லாத, அசைவில்லாத ஆழமான இடங்களில் மக்காமல் களியோடு சேர்ந்து புதைந்துவிடும். அப்படிப் புதைந்த களி கறுப்பாக இருக்கும். அது இறுகி ஷேல் ஆகும்போது உள்ளே இருக்கும் உயிர்ப்பொருள் கெரோஜன் என்ற மெழுகு மாதிரியான பொருளாக மாறிக் கிடக்கும். அது இன்னும் எண்ணெய் அல்ல, எண்ணெய்க்கான அரிசி.

அரிசியை வேக வைக்க அடுப்பு வேண்டும். பூமிக்குள் இறங்க இறங்க ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ஏறத்தாழ 25 முதல் 30 பாகை செல்சியஸ் சூடு கூடுகிறது. அந்தக் களி மேலும் மேலும் அடையலால் மூடப்பட்டு இரண்டு மூன்று கிலோமீற்றர் ஆழத்துக்கு அமிழ்ந்தால், 60 பாகையிலிருந்து 120 பாகை வரையான வெக்கையில் கெரோஜன் மெல்ல உடைந்து எண்ணெயாகிறது. அறுபது பாகை பெரிய சூடே இல்லை, ஒரு கோப்பைத் தேநீர் இதைவிடச் சூடு. நெருப்பு சின்னது, ஆனால் பல இலட்சம், பல கோடி ஆண்டுகள் அணையாமல் எரிகிறது. இன்னும் அமிழ்ந்து 150 பாகையைத் தாண்டினால் எண்ணெய் மூலக்கூறுகளின் நீண்ட சங்கிலிகளும் உடைந்து வாயுவாகிவிடும், பெரும்பாலும் மீதேன். இதுதான் இயற்கை வாயு. 200 பாகையைத் தாண்டிப் போகப் போக மீதேன் தரவும் அதில் சத்து இருக்காது, கரிதான் மிஞ்சும்.

இங்கே ஒரு பக்கக் குறிப்பு. நம் வீட்டுக் கேஸ் சிலிண்டரில் இருப்பது இந்த மீதேன் அல்ல, புரொப்பேனும் பியூட்டேனும். 2021 கடைசியில் சிலிண்டர்கள் வெடித்துச் சமையலறைகள் சிதறியபோது இந்த இரண்டு பெயர்களும் பாட்டிமாருக்குக்கூடத் தெரிந்துவிட்டன. அவையும் இதே அடுப்பில் வந்தவைதான், ஆனால் மீதேனைவிடக் கொஞ்சம் கனமான உறவினர்கள். அழுத்தினால் திரவமாகி இரும்பு உருளைக்குள் அடங்கிவிடும். மீதேன் அப்படி இலகுவில் அடங்காது, குழாய் போட்டுத்தான் கொண்டுவர வேண்டும் அல்லது கடுமையாகக் குளிரூட்ட வேண்டும்.

சரி, எண்ணெய் உண்டாகிவிட்டது. அத்தோடு முடியவில்லை. தண்ணீரைவிட இலேசானது என்பதால் அது மேலே ஏறப் பார்க்கும். வழியில் எதுவும் தடுக்காவிட்டால் தரைக்கு வந்து காற்றில் கெட்டுத் தாராகிவிடும். அப்படித் தப்பிப்போனதுதான் உலகத்தில் அதிகம். அகப்பட்டது கொஞ்சம். அகப்பட இரண்டு பாறை வேண்டும்: ஒன்று, எண்ணெயை வாங்கி வைத்துக்கொள்ளத் துளைகள் உள்ள பாறை, மற்றது, அதற்கு மேலே மூடி மாதிரி இறுக்கமான பாறை. அடுக்குகள் கவிழ்த்த கோப்பை மாதிரி வளைந்திருக்க வேண்டும், அல்லது பிளவொன்றால் வெட்டுப்பட்டு ஒரு மூலையில் அடைபட்டிருக்க வேண்டும். அப்போது மேலே வாயு, அதன் கீழே எண்ணெய், அதற்கும் கீழே உப்புத்தண்ணீர் என்று ஒழுங்காகப் பிரிந்து காத்துக்கிடக்கும். எண்ணெய் பிறந்த வீடு ஷேல். வாழப்போன வீடு மணற்கல்லோ சுண்ணாம்புக்கல்லோ. நம் தோட்டங்களிலிருந்து எத்தனையோ பெண்கள் சவூதிக்கு வேலைக்குப் போனார்கள். அந்த நாட்டுச் செல்வத்துக்கு அடியில் கிடக்கும் கவார் எண்ணெய் வயலில், எண்ணெய் இருப்பது ஒரு சுண்ணாம்புக்கல்லின் துளைகளுக்குள்.

"எண்ணெய்க் கிணறு" என்ற சொல் பலரை ஏமாற்றுகிறது. கீழே குளம் மாதிரி எண்ணெய் தேங்கி நிற்பதாக நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நம்புவதற்கு ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். வீட்டில் அம்மி இருக்கும், இல்லாவிட்டால் பக்கத்துக் காம்பராவில் இருக்கும். நன்றாகக் காய்ந்த அம்மியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். பக்கத்திலேயே ஒரு காய்ந்த செங்கல்லை வைத்து அதிலும் ஒரு சொட்டு. அம்மியின் மேல் சொட்டு அப்படியே முத்துப்போல நிற்கும். ஐந்து நிமிடம் கழித்தும் துடைத்தெடுக்கலாம். செங்கல்லில் விட்ட சொட்டு நீங்கள் கண் இமைப்பதற்குள் உள்ளே போய், இருண்ட ஒரு வட்டம் மட்டும் மிஞ்சும். உள்ளே போன தண்ணீர் ஒரு குளத்தில் தேங்கவில்லை, துகளுக்கும் துகளுக்கும் நடுவே இருக்கும் இடுக்குகளில் பரவிக்கிடக்கிறது. எண்ணெய்ப் பாறை என்பது அந்தச் செங்கல். நம் மலை முழுக்க அம்மி.

அம்மி எப்படி அம்மியானது? மலையகம் முழுக்க, அதைத் தாண்டி இந்தத் தீவின் பத்தில் ஒன்பது பங்கு நிலம், மிகப் பழைய உருமாறிய பாறை. வடக்கிலும் வடமேல் கரையிலும் மட்டும் இளைய அடையற்பாறை ஒரு ஓரமாக ஒட்டியிருக்கிறது. உருமாறிய பாறை என்றால், ஏற்கெனவே இருந்த பாறை உருகாமல், ஆனால் உருகுவதற்கு அருகில் போய்ச் சூட்டாலும் அழுத்தத்தாலும் உள்ளுக்குள் வேறாக மாறிப்போனது. வீதி அகலமாக்கும்போது வெட்டிய புதுக் கல் முகம் ஒன்றை நின்று பாருங்கள். கண்டி வீதியில் கடுகண்ணாவைப் பக்கமும் பார்க்கலாம், அவிசாவளையிலிருந்து ஹட்டன் ஏறும் வழியிலும் பார்க்கலாம். வெள்ளையும் கறுப்புமாகப் பட்டைகள் ஓடும். சில இடங்களில் பரோட்டாவுக்கு மா வீசிச் சுருட்டியது போலப் பட்டைகள் மடிந்து மடிந்து கிடக்கும். கல் மாவுபோல மடிய வேண்டுமென்றால் எவ்வளவு சூடு, எவ்வளவு பொறுமை! அந்தப் பட்டைகளுக்குள் பட்டாணி அளவில் சிவப்பு மணிகள் தெரிந்தால் அது கார்னட்.

இந்த மலைப்பாறைகளில் பெரிய பங்கு ஒரு காலத்தில் கடலடி. இதைச் சொன்னால் தோட்டத்தில் யாரும் நம்புவதில்லை. ஆனால் பாறையே சொல்கிறது. கார்னட் மணியோடு இருக்கும் பட்டைப்பாறையைக் கொண்டலைட் என்கிறோம். ஒரிசா மலைகளில் வாழும் கோண்ட் மக்களின் பெயரில் வைத்த பெயர். அதன் கலவை களிமண்ணின் கலவை. முன்பு கடலடிச் சேறாக இருந்தது. மலை முகடுகளில் வெள்ளையாக, கண்ணாடிச் சில்லுபோல உடையும் குவார்ட்சைட், ஒரு காலத்து மணல். மாத்தளை, கண்டிப் பக்கத்துச் சலவைக்கல், ஒரு காலத்துச் சுண்ணாம்புக்கல். மாத்தளையில் சுண்ணாம்பு சுடும் சூளைகள் எல்லாம் அதை நம்பித்தான். அது உங்களுக்கு இன்னும் நெருக்கமாகவும் தெரியும்: கவ்வாத்துக் காலத்தில் தேயிலை மலைக்கு வெள்ளைத் தூளாக டொலமைற் போடுவார்களே, முகமெல்லாம் மாவு அப்பிக்கொண்டு வருவோமே, அந்தத் தூள் இந்தச் சலவைக்கல்லை அரைத்தது. மண்ணின் புளிப்பைக் குறைக்கப் போடுவது. செத்துப்போன ஒரு கடலின் சுண்ணாம்பைத்தான் நம் ஆட்கள் கூடையில் தூக்கிக்கொண்டு மலை ஏறினார்கள்.

ஆக, சேறு இருந்தது, மணல் இருந்தது, சுண்ணாம்பு இருந்தது. சேற்றில் அந்தக் காலத்து நுண்ணுயிர்களின் கரியும் இருந்தது. அப்போது மீனோ மரமோ பிறக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் மட்டும்தான். நம் பாறைகளில் கிடைக்கும் சிர்கோன் என்ற கடின மணிகளை அளந்து பார்த்தால் 200 கோடி, 300 கோடி ஆண்டுகள் என்று வயது வருகிறது. அவ்வளவு பழைய ஒரு கண்டத்திலிருந்து அரித்துக்கொண்டு வந்த மணல் அது. எண்ணெய்க்கு வேண்டிய எல்லாச் சாமானும் இருந்த சமையலறை.

அதன் பிறகு ஏறத்தாழ 61 கோடியிலிருந்து 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, இந்தியா, மடகாஸ்கர், அந்தாட்டிக்கா எல்லாம் ஒன்றோடொன்று முட்டி, கொண்டுவானா என்ற பெருங்கண்டமாக ஒட்டிக்கொண்ட காலத்தில், நம் பகுதி நடுவில் அகப்பட்டது. நெரிபட்டு, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, 25 கிலோமீற்றருக்கும் மேல் ஆழத்துக்கு அமுங்கியது. அங்கே சூடு 800, 900 பாகை; சில இடங்களில் அதற்கும் மேல். எண்ணெய்க்கு நல்ல அடுப்பு 60 முதல் 120 பாகை என்று மேலே சொன்னேன் அல்லவா? ஏழெட்டு மடங்கு சூடு. களியில் இருந்த நீரெல்லாம் போய், துளைகளெல்லாம் அடைபட்டு, மணிகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வளர்ந்து, சேறு அம்மிக்கல் ஆகிவிட்டது. எண்ணெய் என்றைக்காவது ஊறியிருந்தால் அதுவும் அங்கேயே முடிந்தது. பிறகு பல கோடி ஆண்டு மழையும் ஆறும் மேலே இருந்த 25 கிலோமீற்றர் பாறையையும் அரித்துக்கொண்டு போய்விட்டன. இன்று நாம் கொழுந்து பறிப்பது அந்த அடுப்பின் அடித்தட்டில் நின்றுகொண்டு.

கரி மட்டும் போகவில்லை. ஐதரசன் எல்லாம் கழன்று போய், கரி அணுக்கள் மட்டும் தகடு தகடாக அடுக்கிக்கொண்டால் அதுதான் காரீயம். சிங்களத்தில் மினிரன், பென்சிலுக்குள் இருக்கும் கறுப்பு. கொண்டலைட்டிலும் சலவைக்கல்லிலும் சின்னச் சின்ன வெள்ளி நிறத் தகடுகளாக அது மின்னும். விரலால் தேய்த்தால் விரல் கறுக்கும். அந்தத் தகடு அந்தக் கடலடிச் சேற்றில் செத்த உயிர்களின் மிச்சம். வேறோர் அடுப்பில், மெதுவான நெருப்பில் இருந்திருந்தால் எண்ணெயாகியிருக்கக் கூடியது. மலையகத்தின் மேற்கு ஓரத்தில் கேகாலை மாவட்டத்துப் போகலவிலும் குருநாகல் மாவட்டத்துக் கஹட்டகஹவிலும் சுரங்கம் வைத்து எடுக்கும் காரீயம் இன்னொரு விதம்: கரி கலந்த சூடான பாய்மங்கள் பாறையின் வெடிப்புகளுக்குள் புகுந்து, நரம்பு நரம்பாக இறுகியது. அவ்வளவு சுத்தமான நரம்புக் காரீயம் உலகத்தில் வேறெங்கும் இந்த அளவுக்கு எடுக்கப்படுவதில்லை.

நான் முதன்முதல் ஒரு காரீயச் சுரங்கத்துக்குள் இறங்கியபோது எனக்குப் பாறையைவிடச் சுவர்தான் ஞாபகம். தொட்ட இடமெல்லாம் வழுக்கியது. ஏணிப்படியும் வழுக்கியது, கைப்பிடியும் வழுக்கியது. மேலே வந்து மூக்கைச் சிந்தினால் கறுப்பு. இரண்டு நாள் சவர்க்காரம் போட்டும் நகக்கண்ணில் போகவில்லை. எண்ணெய் வயலில் வேலை செய்யும் நண்பர் ஒருவரிடம் சொன்னேன், அவர் தன் நகத்தைக் காட்டினார். அதுவும் கறுப்புத்தான், ஆனால் அவருடைய சம்பளம் வேறு.

இன்னொரு பாறையைச் சொல்லாமல் விட முடியாது. நம் மலைகளில் பச்சையும் தவிட்டு நிறமும் கலந்த, எண்ணெய் தடவியது போலப் பளபளக்கும் கனத்த கல் ஒன்று உண்டு. அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் அதுதான் விருப்பம். அந்தப் பளபளப்பைப் பார்த்து "கல்லுக்குள்ள எண்ணெய் இருக்கு" என்று சொன்னவர்களையும் கண்டிருக்கிறேன். எண்ணெய் இல்லை, பெல்ஸ்பார் என்ற கனிமத்தின் நிறம். பெயர் சார்னொக்கைட். சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரம், பரங்கிமலைக் கல் இதுவேதான். கல்கத்தாவில் யோப் சார்னொக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக்கு அங்கிருந்து கல் கொண்டுபோனார்கள். அந்தக் கல்லறையால் பாறைக்கு அவர் பெயர் வந்தது. நம் பாட்டன் பூட்டன் தமிழ்நாட்டிலிருந்து மன்னார் வழியாக நடந்து வந்தபோது விட்டுவந்த கல்லும், வந்துசேர்ந்த மலையின் கல்லும் ஒன்றே என்பதை எந்தக் கங்காணியும் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்.

இந்த மலைகளின் கனிமங்களை முறையாக ஆராயத் தொடங்கியதில் நம்மவர் ஒருவருக்குப் பெரிய பங்கு உண்டு. கலை பற்றி எழுதியவராகவே பலருக்கும் தெரிந்த ஆனந்த குமாரசுவாமி, அதற்கு முன்பு இலங்கைக் கனிம அளவைத் திணைக்களத்தின் முதல் பணிப்பாளர். தோரியனைட் என்ற கதிரியக்கக் கனிமத்தை 1904இல் கண்டறிந்தவரும் அவரே.

விஷயம் தெரிந்த சிலர் இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்பார்கள். "கருங்கல்லிலும் எண்ணெய் எடுக்கிறார்களாமே?" உண்மைதான். வியட்நாம் கடலில் பாக் ஹோ என்ற வயல், வெடிப்பு விட்ட கருங்கல்லிலிருந்து எண்ணெய் தருகிறது. நம் பாறையிலும் வெடிப்பு இருக்கிறது. 2014 கடைசியில் உமாஓயா நீர்த்திட்டத்துக்குத் தோண்டிய சுரங்கப்பாதையில் தண்ணீர் பீறிட்டு, பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றியது எல்லாம் இந்த வெடிப்புகளால்தான். கல் தண்ணீரைக் குடிக்காது, வெடிப்பு குடிக்கும். ஆனால் வியட்நாமில் அந்தக் கருங்கல்லில் எண்ணெய் பிறக்கவில்லை. பக்கத்திலேயே, அதைச் சுற்றி மூடியிருக்கும் இளைய ஷேலில் பிறந்து, வெடிப்புக்குள் குடியேறியது. நம் மலையைச் சுற்றி அப்படி ஒரு ஷேல் இல்லை. மாத்தளையிலிருந்து பலாங்கொடை வரை எங்கே துளைத்தாலும் கீழேயும் அம்மிதான், பக்கத்திலும் அம்மிதான். வாடகைக்கு வீடு இருக்கிறது, குடிவர ஆளில்லை.

எண்ணெய் தேட வேண்டுமென்றால் மலையை விட்டு இறங்க வேண்டும். கொண்டுவானா மறுபடி உடைந்து, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே நிலம் இழுபட்டுத் தாழ்ந்த இடம் மன்னார்ப் படுகை. அதற்கு வடக்கே காவேரிப் படுகை. இரண்டு கரையின் ஆறுகளும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக மண்ணைக் கொண்டுபோய்க் கொட்டிய பள்ளம் அது. பல கிலோமீற்றர் தடிப்பில் அடையல். அடுப்பும் அளவான அடுப்பு. தமிழ்நாட்டுப் பக்கம் நாகப்பட்டினத்து நரிமணத்தில் எண்ணெய் எடுக்கிறார்கள். நம் பக்கம் 1970களில் சோவியத் நிபுணர்களின் உதவியோடு மன்னார்த் தீவில் பேசாலையில் துளையிட்டுப் பார்த்தார்கள். எடுக்கிற அளவுக்கு ஒன்றும் வரவில்லை. 2011இல் கெயர்ன் நிறுவனம் மன்னார்க் கடலில் டொராடோ, பரக்குடா என்று இரண்டு கிணறுகளில் இயற்கை வாயுவைக் கண்டது. டொராடோவில் கடலின் ஆழமே 1,300 மீற்றருக்கு மேல். வாயு இருந்தது கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 மீற்றர் கீழே, 25 மீற்றர் அளவு தடித்த மணற்கல்லில். மூன்றாவது கிணறு வெறுமை. அந்த நிறுவனம் பிறகு போய்விட்டது. அந்த வாயு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. 1969 முதல் சப்புகஸ்கந்தையில் சுத்திகரிப்பு ஆலை ஓடுகிறது, ஆனால் அதற்குப் போகும் மசகெண்ணெய் முழுக்கக் கப்பலில் வருகிறது.

அந்த மணற்கல்லில் இருக்கும் குவார்ட்ஸ் மணிகளில் எத்தனை நம் மலைகளிலிருந்து போனவை என்று நான் சில சமயம் யோசிப்பதுண்டு. மலையில் இருந்தால் அம்மி, அரிபட்டுக் கடலுக்குப் போனால் வாயு தங்கும் வீடு.

இனி மாமாவின் படலம். அது கல்லிலிருந்து வந்ததுதான், அந்த மட்டில் மாமா சொன்னது சரி. ஆனால் எண்ணெய் அல்ல, இரும்பு. கார்னட்டிலும் கறுப்பு மைக்காவிலும் இருக்கும் இரும்புதான் நம் மண்ணைச் சிவப்பாக்குகிறது. சருகும் வேரும் அழுகிக் கிடக்கும் ஈரமண்ணுக்குள் ஒட்சிசன் தீர்ந்துபோகும்போது அந்த இரும்பு தண்ணீரில் கரைந்துவிடும். அந்தத் தண்ணீர் வடிகானில் கசிந்து காற்றுப் பட்டதும், இரும்பைத் தின்று வாழும் ஒரு வகைப் பற்றீரியாக்கள் அதைத் துருவாக்கி மேற்பரப்பில் மெல்லிய ஏடாக விரிக்கின்றன. அந்த ஏட்டின் மேல் ஒளி பட்டுத்தான் வானவில். பக்கத்தில் பாருங்கள், கல் இடுக்குகளில் தோடம்பழ நிறத்தில் பஞ்சுபோலச் சளி படிந்திருக்கும். அதுவும் அவற்றின் வேலையே.

சோதிக்க இயந்திரம் ஒன்றும் வேண்டாம். ஒரு தேயிலைக் குச்சியை உடைத்து அந்தப் படலத்தை நடுவில் குத்தி இழுங்கள். காய்ந்த பாலாடைபோல மூலை மூலையாக உடைந்து, துண்டுகள் விலகி அப்படியே நின்றால் அது பற்றீரியா ஏடு. குடிக்க நன்றாக இராது, பாத்திரத்தில் கறை பிடிக்கும். ஆனால் பயப்பட ஒன்றுமில்லை. குச்சியைச் சுற்றி நிறங்கள் சுழன்று, எடுத்ததும் மறுபடி ஓடிவந்து ஒட்டிக்கொண்டால் அது நிஜமான எண்ணெய்தான். அப்படியானால் மலைக்கடியில் தேட வேண்டாம், வடிகான் வழியே மேலே நடந்து பாருங்கள். லொறி நிறுத்தும் இடமோ, ஸ்டோரின் ஜெனரேட்டரோ, எங்கேயாவது ஒரு டீசல் பீப்பாய் ஒழுகிக்கொண்டிருக்கும். அதை அடைக்கும்வரை அந்தப் பீலித் தண்ணீரைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.